மலை ரயிலும் மஞ்சள் பலகையும்

புதன், மேட்டுப்பாளையம்

ஈரோட்டில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். கடைப்பெயர், லாரி முதுகு, கல்யாண மண்டபம், தேர்தல் சுவர் என்று என் பிரஷ் படாத பரப்பு இல்லை. ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. பிரஷ்களை டர்பன்டைனில் அலசி எடுத்து வைத்துவிட்டேன். கண்ணுக்கு மட்டும் ஓய்வு கொடுக்க முடியவில்லை. எந்த ஊரில் இறங்கினாலும் கோபுரம் தெரிவதற்கு முன்னால் பெயர்ப்பலகை தெரிந்துவிடும்.

நீலகிரி மலை ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கிறார்கள், பாரம்பரியத் தோற்றம் தருகிறார்கள் என்று செய்தித்தாள்களில் அவ்வப்போது வருகிறது. அம்ருத் பாரத் திட்டத்திலும் மேட்டுப்பாளையம், குன்னூர், உதகமண்டலம் மூன்றும் இருக்கின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். பழைய தோற்றம் என்றால் எந்த வருடத்துத் தோற்றம்? அதை நேரில் பார்க்கத்தான் கிளம்பினேன். துணைக்கு ஒரு நண்பர். திருச்சி பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இன்ஜின் பைத்தியம், எனக்கு எழுத்துப் பைத்தியம். என்னை அவர் “ஆர்ட்டிஸ்டே” என்று கூப்பிடுவதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

கோவையிலிருந்து வந்த வண்டி அகலப்பாதையில் நின்றது. மலை ரயிலின் மீட்டர்பாதை இங்கேதான் தொடங்குகிறது. தண்டவாள இடைவெளி சரியாக 1000 மில்லிமீட்டர். நிலைய வளாகத்தில் மலை ரயிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நண்பர் அங்கே இரும்பைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கதவு மேல் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாதையின் பழைய கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் என் சந்தேகம் புரியும். 1885-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1891-ல் மண்வெட்டு விழுந்தது. பணம் தீர்ந்து அந்தக் கம்பெனி மூழ்கியது, வேறொரு கம்பெனி எடுத்தது. 1899 ஜூனில் ஒருவழியாகக் குன்னூர் வரை வண்டி ஓடியது. உதகைக்குப் போய்ச் சேர்ந்தது 1908 அக்டோபரில். முதலில் சென்னை ரயில்வே ஓட்டியது. 1908-லிருந்து தென்னிந்திய ரயில்வே. 1951-லிருந்து தெற்கு ரயில்வே. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். இத்தனை கை மாறிய சொத்தில் “அந்தக் காலம்” என்று எதைச் சொல்வது? குன்னூருக்கு 1899 சரி என்றால் உதகைக்கு அந்த வருடம் நிலையமே கிடையாது.

இரவு பஸ் நிலையத்தருகே இட்லி. நல்ல இட்லி.

வியாழன், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்

காலை ஏழு பத்துக்கு வண்டி. முன்பதிவு இல்லாமல் இதில் ஏற ஆசைப்பட வேண்டாம்.

கல்லாறு வரை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதரை. அதன் பிறகு தண்டவாளங்களுக்கு மத்தியில் பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை வந்து சேர்கிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. இரண்டு பட்டைகளிலும் பற்கள் நேருக்கு நேர் இல்லாமல் முன்பின்னாக இருக்கும். ஒரு பல் விடுபடும் நேரத்தில் அடுத்த பட்டையின் பல் கவ்வியிருக்கும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறும் செங்குத்து. இன்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. வண்டியின் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியுடன் நிற்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் இருக்கிறார். முன்னால் நிற்பவரின் பச்சைக் கொடியை நம்பித்தான் பின்னாலிருக்கும் டிரைவர் தள்ளுகிறார்.

நண்பருக்கு வாய் ஓயவில்லை. “நாலு சிலிண்டர் ஆர்ட்டிஸ்டே. சமதரையில் இரண்டு போதும். பல் பட்டையில் ஏறியதும் அந்த இரண்டில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும்.” சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 முதல் 1925 வரையிலும், பிறகு 1952-லும் செய்து அனுப்பிய எக்ஸ் வகை இன்ஜின்கள் இவை. பின்னாளில் பொன்மலையிலேயே அதே வகையில் புது இன்ஜின்கள் செய்தார்கள். அதைச் சொல்லும்போது நண்பர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு என்னைச் சீண்டினார். “இன்ஜினில் பாய்லர் மாற்றுகிறோம், டியூப் மாற்றுகிறோம், பல்சக்கரம் மாற்றுகிறோம். முழு இன்ஜினையே புதிதாகச் செய்தோம். ஒருவரும் இது போலி என்று சொல்லவில்லை. ஒரு போர்டைப் புதிதாக எழுதினால் மட்டும் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?”

நியாயமான கேள்வி. அடர்லி தாண்டும் வரை யோசித்தேன். பதிலை அவர் தொழிலிலிருந்தே எடுத்தேன். “பொன்மலையில் செய்த இன்ஜினில் என்ன தகடு வைத்தீர்கள்?” என்றேன். பொன்மலைத் தகடுதான், செய்த வருடத்துடன். வின்டர்தூர் 1914 என்று பழைய தகட்டை அச்செடுத்து ஒட்டவில்லையே. செய்யும் முறை பழையது, செய்த கை புதியது, இரண்டையும் மறைக்காத இன்ஜின் அது. பலகைக்கும் அந்த நாணயம் இருந்தால் எனக்குக் கோபமே இல்லை.

“சரி” என்றார். அவர் “சரி” என்றால் விவாதம் முடியவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. பயணிகள் டீ குடிக்க இறங்கினார்கள், குரங்குகள் வடை தின்ன இறங்கின. ஒரு பையனின் கையிலிருந்த பொட்டலம் போன வேகத்தைப் பார்த்தால் அந்தக் குரங்குக்கு ரயில்வே நேரம் மனப்பாடம் என்று தோன்றியது.

இங்கே சுற்றிலும் ஊர் கிடையாது. காடும் பாறையும்தான். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு எல்லாம் எஸ்டேட்காரர்களும் ரயில்காரர்களும் புழங்கிய பெயர்கள். பலகையைப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்துக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது. நகரத்து நிலையத்தில் பலகை ஓர் அறிவிப்பு மட்டும். இங்கே அந்தப் பலகைதான் ஊர். புதுப்பிக்கிறவர்கள் பெரிய நிலையங்களில் பணத்தைக் கொட்டும்போது இப்படிப்பட்ட தண்ணீர் நிறுத்தங்களையும் ஒரு கண் பார்க்க வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று குன்னூர் வர. பல் பட்டை இங்கே முடிகிறது. நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டினார்கள். வண்டி உதகைக்குப் போயிற்று, நாங்கள் இறங்கிக்கொண்டோம்.

வெள்ளி, குன்னூர்

காலையில் நண்பர் இன்ஜின் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நான் நோட்டும் அளவு டேப்புமாக எழுத்து பார்க்கக் கிளம்பினேன்.

ரயில்வே போர்டில் வருடம் எழுதியிருக்காது. ஆனால் வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அது பெரிய வித்தை இல்லை. உயரம் அடியில் எழுதியிருந்தால் அது மெட்ரிக் அளவு வருவதற்கு முந்தைய பழக்கம். மெட்ரிக்குக்கு வழி செய்த சட்டம் 1956-ல் வந்தது. கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் 1974-க்கு முந்தையது, அந்த வருடம்தான் ரயில்வே மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டது.

எல்லாவற்றையும் விடத் துல்லியமான சாட்சி தமிழ் எழுத்து. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1930-களிலிருந்தே தம் பத்திரிகைகளில் கையாண்ட வடிவங்கள் பள்ளிப் பாடத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் வந்தன. மாறியவை பதின்மூன்று எழுத்துகள். ணா, றா, னா வரிசையில் ஒன்பது. ணை, லை, ளை, னை நான்கு. அதற்கு முன்னால் லை எழுதினால் எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு எழும். றாவும் னாவும் துணைக்காலைத் தள்ளி வைக்காமல் தங்களுக்குள்ளேயே சுருட்டிக்கொள்ளும். நான் கற்றுக்கொண்டது அந்தத் தும்பிக்கையில்தான். அதில் பிரஷ் தூக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பவன்தான் அன்று ஆர்ட்டிஸ்ட்.

மலை ரயிலின் ஊர்ப்பெயர்களில் இந்தப் பதின்மூன்றுக்கு வேலை இல்லை. குன்னூர், கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் எல்லாம் 1978-க்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான். ஆனால் நிலையத்தில் ஊர்ப்பெயர் மட்டுமா இருக்கிறது? “நிலைய அதிகாரி” என்பதில் ஒரு லை. “அனுமதி இல்லை” என்பதில் ஒரு லை. “விசாரணை” என்பதில் ணை. “சென்னை” என்றால் னை. ஒரு கதவை 1950-க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கதவின் கைப்பிடியை மட்டும் பித்தளையாக்கினால் போதாது, கதவு மேல் இருக்கும் லைக்கும் தும்பிக்கை முளைக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் போன உணவகம் இதற்கு நேர் எதிர். எந்த உணவகம் என்று சொல்லப்போவதில்லை, மலைமேல் இப்போது இந்த மாதிரி பல இருக்கின்றன. பழைய ரயில் நிலையம் போல ஜோடித்திருந்தார்கள். தொங்கும் கடிகாரம், சிவப்புத் தீயணைப்பு வாளி, தண்டவாளத் துண்டில் மணி. வாசலில் ஒரு பெயர்ப்பலகை. ஆங்கிலத்துக்குக் கொடி சுற்றிய, நிழல் விழுந்த எழுத்து, விக்டோரியா மகாராணி காலத்தது என்று காட்ட. கீழே தமிழ், கம்ப்யூட்டரில் முதலில் கிடைத்த எழுத்துருவில். கடல் மட்ட உயரம் மீட்டரில், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்துடன். பலகையில் ஆங்கிலத்துக்கு நூற்று முப்பது வயது, தமிழுக்கு நேற்று மாலை பிறந்த நாள்.

எனக்கு உறுத்துவது இதுதான். பழமை என்றால் ஆங்கிலத்தின் பழமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்துத் தமிழுக்கும் ஒரு முகம் இருந்தது என்பது வடிவமைப்பவர்களின் நினைவுக்கே வருவதில்லை. ஆங்கிலத்திலாவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பழைய ரயில்வே எழுத்து என்று பல இடங்களில் கில் சான்ஸ் வகையைப் போடுகிறார்கள். அது விற்பனைக்கு வந்ததே 1928-ல், ரயில் கம்பெனி ஒன்று அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டது அடுத்த வருடம், அதுவும் இங்கிலாந்தில். 1908 என்று தேதி போட்டுவிட்டு அந்த எழுத்தில் எழுதுவது கட்டபொம்மனுக்குக் கைக்கடிகாரம் கட்டுகிற வேலை.

தொழில்முறையில் இன்னொரு சங்கதி. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம்; இரண்டு கோடு போட்டு நடுவில் நிறுத்திவிடலாம். தமிழ் அப்படி அடங்காது. குன்னூர் என்று எழுதிப் பாருங்கள். கு கீழே இறங்கும், னூ அதைவிட இறங்கும், மேலே இரண்டு புள்ளிகள் வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அதே பட்டையில் இதையும் திணித்தால் எழுத்தின் உடம்பு சுருங்கிப்போகும், தூரத்திலிருந்து படிக்க முடியாது. பழைய ஆட்கள் நூல் தட்டும்போதே தமிழுக்கு மேலும் கீழும் இடம் விட்டுத்தான் தட்டுவார்கள். உதகமண்டலம் சாதுவான பெயர், குன்னூர் அளவுக்குக் கால் நீட்டாது. அதில் ஏமாற்ற முடிகிற இடம் ஒன்றே ஒன்று, ண-வின் சுழி. அவசரக்காரன் மூன்று சுழியில் ஒன்றை விழுங்கிவிடுவான்.

மாலையில் ஒரு நிலையத்தின் பின்புறக் கதவில் பெயின்ட் உரிந்த இடத்தைப் பார்த்தேன். மேலே நீலம், அதன் கீழ் ஒரு பழுப்பு, அதன் கீழ் பச்சை, அடியில் மரத்தோடு ஒட்டிய ஏதோ சிவப்பு. கட்டடங்களைப் பாதுகாக்கும் துறைக்காரர்கள் இதைச் சின்ன வட்டமாக, அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்து எந்த நிறம் எதற்கு முன் என்று கண்டுபிடிக்கிறார்கள். நாங்களோ பட்டி போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே தேய்ப்பில் இறக்கிவிடுவோம். அடுத்த முறை பெயின்ட் அடிப்பதற்குள் யாராவது அந்தக் கதவைச் சுரண்டிப் பார்த்தால் நல்லது.

வெல்லிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் பஸ்ஸில் போய் வந்தோம். ஒன்று ராணுவ ஊர், இன்னொன்று வெடிமருந்துத் தொழிற்சாலை ஊர். அங்கெல்லாம் நோட்டும் டேப்பும் வைத்துக்கொண்டு அலைவது புத்திசாலித்தனம் இல்லை என்று நண்பர் சொன்னார். பையில் போட்டுக்கொண்டேன்.

சனி, கேத்தியும் லவ்டேலும்

கேத்தி நிலையத்தைத் தமிழர்களில் பாதிப்பேர் முதலில் பார்த்தது திரையில்தான். நேரில் சின்ன நிலையம். எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் காய்கறிப் படிக்கட்டுகள், அதில் கேரட்டும் முட்டைக்கோஸும், அங்கங்கே படகர் ஊர்களின் வரிசை வீடுகள். இன்று பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டு எங்கள் விவாதத்தின் அடுத்த சுற்று நடந்தது.

இங்கிலாந்தில் புளூபெல் ரயில்வே என்று ஒன்று இருக்கிறது. மூடிய பாதையை ஆர்வலர்கள் எடுத்து 1960-லிருந்து நடத்துகிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு காலத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். ஷெஃபீல்டு பார்க் விக்டோரியா காலம், ஹார்ஸ்டெட் கீன்ஸ் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான சதர்ன் ரயில்வே காலம், கிங்ஸ்கோட் 1950-களின் பிரிட்டிஷ் ரயில்வே. பலகையின் நிறம், எழுத்து, சுவரில் ஒட்டிய விளம்பரம் எல்லாம் அந்தந்தக் காலத்துக்கு. வண்டியில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் முப்பது நாற்பது வருடம் தாண்டியிருப்போம்.

“அதையே இங்கே செய்யலாமே” என்றார் நண்பர். “லவ்டேலை 1908 ஆக்கு, கேத்தியை 1952 ஆக்கு, வெல்லிங்டனை எழுபதுகளுக்குக் கொடு.”

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 1908 என்று முடிவெடுத்தால் உதகையில் ஆங்கிலத்தில் ஊட்டகமண்ட் என்று எழுத வேண்டும். இன்று பலகையில் இருக்கும் இந்தி வரியை எடுக்க வேண்டும். 1952 என்றால் அதைவிடச் சிக்கல். அந்த ஆகஸ்டில்தான் பெரியாரின் அழைப்பில் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். அடுத்த வருடம் கல்லக்குடியில் நிலையத்தின் பெயருக்காகத் தண்டவாளத்தில் படுத்தார்கள். 1952-ஐ அப்படியே காட்டுவது என்றால் தாரையும் காட்ட வேண்டுமே? நண்பர் சிரித்தார். “ரயில்வேயிடம் டெண்டர் போடும்போது தார் ஒரு டின் என்று சேர்த்துக் கேளுங்கள்.”

தமிழ்நாட்டில் ரயில் நிலையப் பலகை வெறும் பலகையாக இருந்ததே இல்லை. எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே, ஊருக்கு யார் வைத்த பெயர் என்று அதில் ஊரே சண்டை போட்டிருக்கிறது. புளூபெல்லில் இறங்குகிறவர் பார்க்க வந்தவர். நிலையம் 1880-ல் இருப்பதால் அவருக்கு நஷ்டம் இல்லை. மலை ரயில் இன்னும் இந்திய ரயில்வேயின் ஓடும் பாதை. பலகையைப் படித்து இறங்குகிறவர் இன்றைய ஆள். அவருக்கு இன்றைய பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

1964-ல் வெனிஸ் நகரத்தில் கூடிய கட்டடப் பாதுகாவலர்கள் சாசனம் ஒன்று எழுதினார்கள். எனக்கு அதில் மூன்று விதிகள் பிடிக்கும். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நிற்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தாரும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும், எல்லாம் ஒரே பாணியில் இருக்க வேண்டும் என்பது நோக்கமல்ல என்பது இன்னொன்று. காணாமல் போன பாகத்துக்குப் பதில் வைப்பது மற்றதோடு இசைந்து போக வேண்டும், அதே சமயம் புதிது என்று பிரித்துத் தெரியவும் வேண்டும் என்பது மூன்றாவது. பொன்மலைத் தகடு இந்த மூன்றாவது விதிதான் என்றேன். அவர் படிக்காமலே அதைச் செய்திருக்கிறார். நண்பருக்கு வெனிஸைப் பற்றி அக்கறை இல்லை, பொன்மலையைச் சொன்னதில் சந்தோஷம்.

இரண்டாவது விதிதான் இங்கே அதிகம் மீறப்படும் என்று பயமாக இருக்கிறது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மூன்று மொழிகள், கீழே கடல் மட்ட உயரம்: இது பிரிட்டிஷ்காரர் காலத்தது இல்லை என்பதற்காக இதை எடுத்துவிட்டு மரச்சட்டம் போட்ட பழுப்புப் பலகை வைக்கலாம் என்று யாருக்காவது தோன்றும். சுதந்திர இந்தியாவின் ரயில் இந்த மஞ்சளைத் தலைமுறை தலைமுறையாக மலைமேல் பிடித்து நின்றிருக்கிறது. மூடுபனியில் தூரத்திலிருந்து தெரியும் நிறம் வேறு. இதுவும் பாரம்பரியம்தான். 1908 மட்டும் பாரம்பரியம் என்றால் நானும் என் நண்பரும் எந்தக் கணக்கில் வருகிறோம்?

லவ்டேலுக்கு நடந்தே போனோம். லாரன்ஸ் பள்ளி இருக்கும் ஊர். நிலையத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பலகையை மூன்று பக்கமிருந்தும் பார்த்தேன், எழுத்து இடைவெளி நன்றாக இருந்தது. எழுதியவர் யாரோ, கை சுத்தமான கை.

ஞாயிறு, உதகமண்டலம்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2203 மீட்டர். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில் இருந்தது. 46 கிலோமீட்டருக்குள் இந்த ஏற்றம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பலகை முன்னால் படம் எடுக்க வரிசை. கிட்டே போகக் காத்திருந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது: இந்தப் பாதையில் மக்கள் அதிகம் படமெடுப்பது இன்ஜினை, அதற்கு அடுத்தது இந்தப் பலகையை. போலி அலங்காரம் எதுவும் இல்லாத மஞ்சள் பலகையை. விடுதிக்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

நிலையத்தில் இருந்த ஒரு மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன். சுவர் வேலை அவருக்கு. “சார், இந்த ஊரில் சிமென்ட் பூச்சு ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த மழைக்காலம் வீங்கும்” என்றார். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, அதற்கு மேல் எனாமல் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும், உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்புளமாக எழும். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, காத்திருந்து பூச வேண்டும் என்றார். “காத்திருக்க யாருக்கு சார் நேரம்? திறப்பு விழாத் தேதி முதலில் வருகிறது, கலவை பிறகு வருகிறது.”

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பலகைக்கும் இதே கதைதான். இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பரப்பிச் சூளையில் உருக்கி எடுக்கும் எனாமல் பலகைகள் தலைமுறைகள் கடந்தும் நிறம் மங்குவதில்லை. ஓரம் உடைந்தால்தான் ஆபத்து, அங்கிருந்து துரு ஊர்ந்து உள்ளே போகும். பிரஷ்ஷில் எழுதிய பலகையை சில வருடத்துக்கு ஒருமுறை அதே தடத்தில் மறுபடி எழுதினால் போதும். வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டியதை வெயில் சுருட்டிவிடும், குரங்கு உரித்துவிடும்.

திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. நோட்டில் ஒரு பலகையை வரைந்தேன், நிலைய அதிகாரி அறைக் கதவுக்கு மேலே வைப்பதற்கு. நீலத் தரை, வெள்ளை எழுத்து. தமிழ் மேலே, தும்பிக்கை லையுடன். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளை இதைப் படிக்குமா என்று நண்பர் கேட்டார். பக்கத்தில் அப்பாவுடன் நின்ற சிறுமியிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு நொடி விழித்துவிட்டு “நிலைய அதிகாரி” என்று சரியாகப் படித்தாள். “அந்த எழுத்து ஏன் தாத்தா ஆடுகிறது?” என்றாள். அவளுக்குத் தும்பிக்கை போடச் சொல்லிக்கொடுத்தேன். அப்பாவுக்கும் சேர்த்து.

ஊர்ப்பெயர்ப் பலகையில் கை வைக்க மாட்டேன், அது மஞ்சளாகவே இருக்கட்டும். அறைக் கதவுகளிலும் காத்திருப்புக் கூடத்திலும் பழைய லை வரலாம். உயரத்தை மீட்டரோடு அடியிலும் சேர்க்கலாமா என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. 7228 அடி என்று எழுதினால் படிக்கிறவருக்கு உயரம் நெஞ்சில் தைக்கும் என்கிறார் அவர். சர்வே புத்தகத்தைப் பார்க்காமல் நான் ஒரு இலக்கமும் எழுத மாட்டேன் என்றேன்.

வரைந்த பலகையின் வலது கீழ் மூலையில் எழுதும் வருடத்தைச் சின்னதாகப் போட்டேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் எங்கள் தொழில் வழக்கப்படி ஆர்ட்டிஸ்ட் பெயருக்கும் ஓர் இடம் விட்டேன். “அரசாங்கக் கதவில் உங்கள் பெயரா?” என்று எழுந்துவிட்டார். “பொன்மலைக்குத் தகடு இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதா?” என்றேன். குன்னூர் வரும் வரை அதே பேச்சு. கடைசியில் பெயரை விட்டுக்கொடுத்தேன், வருடத்தை விடவில்லை.